குற்றாலச் சீசனில் குடும்பச் சாப்பாடு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு வெளியே போய்வருவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது குற்றாலம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலைத் தெளிக்கத் தொடங்கியதும் சீசன் பிறக்கும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும், சில ஆண்டுகளில் செப்டம்பரிலும் நீடிக்கும். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலம் அதனோடு போனது. ஆனால் அருவிகளின் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே இன்றும் தாமிரபரணியில்தான் கலக்கிறது.

அருவிக் குளியலையும் பசியையும் பிரிக்க முடியாது. குளிர்ந்த நீரில் நெடுநேரம் நிற்கும் உடல், தன் சூட்டைக் காத்துக்கொள்ளக் கூடுதலாக உழைக்கிறது. குளிர்நீரில் உடற்பயிற்சி செய்தவர்கள் அதன்பின் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே குற்றாலப் பயணத்தில் சாப்பாட்டுக்கு எப்போதுமே குளியலுக்கு இணையான இடம் இருந்துவந்திருக்கிறது. மாறியது, என்ன சாப்பிடுவது என்பதுதான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோறு, அங்கேயே தங்கிப் பொங்கிய சோறு, கடையில் உட்கார்ந்து சாப்பிடும் புரோட்டா என்று இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது இடம் மாறியிருக்கிறது. எத்தனை நாள் தங்குகிறார்கள், அடுப்பு யார் கையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே இந்த மாற்றத்தை நடத்தியிருக்கின்றன.

கட்டுச்சோற்றின் இலக்கணம் கெடாமை. ருசி அதற்கு அடுத்ததுதான். அதனால்தான் புளிச்சோறு முதலிடம் பிடித்தது. பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய் வற்றல், கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம், மஞ்சள் தாளித்த நல்லெண்ணெயில் ஊற்றி, தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை காய்ச்சுவார்கள். வடித்த சோற்றை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாதபடி நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசறுவார்கள். சூட்டோடு பிசறிக் கட்டினால் ஆவி உள்ளேயே வியர்த்துச் சோறு ஊசிப்போகும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெந்த சோற்றில் பிழைத்துக்கிடக்கும் சில நுண்ணுயிர்கள் ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் மளமளவென்று பெருகும். புளியின் அமிலம் அவற்றைத் தடுக்கிறது. நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள சில பொருள்கள் அது சீக்கிரம் சிக்குவாடை அடிக்காமல் காக்கின்றன. காலையில் கட்டிய சோறு மறுநாள் பகலிலும் நன்றாக இருந்ததற்கு இவையே காரணம்.

தயிர்ச்சோற்றுக்கு வேறொரு கணக்கு. குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிரைப் பேருக்கு ஒரு கரண்டி விட்டுக் கட்டுவார்கள். வழியிலேயே பால் உறைந்து, பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் பதமான தயிர்ச்சோறு ஆகியிருக்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, பருப்புத் துவையல், நார்த்தங்காய் ஊறுகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆகியவை துணைக்கு வரும். இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. முறுக்கும் முந்திரிக்கொத்தும் பனையோலைப் பெட்டியில் போகும். ஒரு குடும்பம் காலையில் கிளம்ப வேண்டுமானால் முதல் நாள் மாலையிலிருந்தே அடுப்படியில் வேலை நடக்கும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அன்று சேர்ந்து சாப்பிட்ட சுகத்தைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

தங்கிச் சமைப்பது வசதியுள்ள வீடுகளின் வழக்கம். திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் ரயில் பாதை 1904இல் முழுமையாகத் திறக்கப்பட்டபின், திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிக்கு மூட்டை முடிச்சோடு போவது எளிதானது. சீசனுக்கென வாடகைக்கு விடப்படும் வீடுகளில் வாரம் பத்து நாள் தங்குவார்கள். அரிசி, பருப்பு, தேங்காய், பாத்திரம் எல்லாம் கூடவே வரும். சில வீடுகளில் சமையல்காரரும் வருவார். குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1954இல் மறையும்வரை விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்றவர். ராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தினராகத் தங்கியவர்கள். இலக்கியப் பேச்சும் இலைச் சாப்பாடும் ஒன்றாகவே நடந்த வீடு அது.

தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய உணவுகள் நெல்லைச் சமையலில் பல உண்டு. அவற்றில் தலையாயது சொதி. சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தாக இது பரிமாறப்படும். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிந்து வைப்பார்கள். காய்கறியை மூன்றாம் பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய்ச் சாறு விட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துபோகும்; இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரி. தேங்காய்ப்பாலின் கனத்தை ஈடுகட்ட இஞ்சிப் பச்சடியோ இஞ்சித் துவையலோ பக்கத்தில் இருக்கும். சில மணி நேரத்தில் கெட்டுவிடும் இந்தக் குழம்பைக் கட்டிக்கொண்டு பயணம் போக முடியாது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், முருங்கைக்கீரையும் காய்களும் போட்ட கூட்டாஞ்சோறும் அப்படித்தான்; சூடாக இறக்கிச் சூடாகவே சாப்பிட வேண்டியவை. சாரலில் நனைந்து வந்தவர்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான உணவு அமைவது கடினம்.

பேருந்தும், பின்னால் வேனும் காரும் பெருகியதும் பத்து நாள் தங்கல் ஒரு நாள் பயணமாகச் சுருங்கியது. விடியற்காலையில் கிளம்பி, இரண்டு அருவியில் குளித்து, இரவுக்குள் வீடு திரும்பும் குடும்பத்துக்கு வாடகை வீடும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். அந்த இடத்தைப் புரோட்டா பிடித்துக்கொண்டது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில், செங்கோட்டைச் சாலையில் பிரானூர்ப் பகுதியில் இருக்கும் புரோட்டாக் கடைகளை ஊரார் ‘பார்டர்’ கடைகள் என்றே சொல்கிறார்கள். மாநில எல்லை இன்று அங்கே இல்லை. மேற்கே மலைப்பாதையில் தள்ளி இருக்கிறது. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில் எல்லை இங்கே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியில் திருத்தி அமைக்கப்பட்டபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை போனது, பெயர் நின்றுவிட்டது. அங்குள்ள ரஹ்மத் கடையின் பெயர் இன்று குற்றாலத்தின் பெயரோடு சேர்ந்தே உச்சரிக்கப்படுகிறது.

அரிசி விளையும் சீமையில் மைதா இவ்வளவு ஊன்றியதற்கு நாட்டு வரலாறும் காரணம். 1956இல் அமெரிக்காவோடு செய்த உணவு ஒப்பந்தத்தின் வழியாக இந்தியாவுக்குக் கோதுமை பெருமளவில் வரத் தொடங்கியது. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்து அரிசித் தட்டுப்பாடு முற்றியபோது கோதுமைப் பண்டங்கள் தமிழ்நாட்டில் பரவலாயின. கடைக்காரருக்கும் புரோட்டா தோதான சரக்கு. மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைத்துவிட்டால், வேன் நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கினாலும் தாங்கும். மாஸ்டர் உருண்டையை எடுத்து எண்ணெய்க் கல்லில் அடித்து வீசிக் கண்ணாடித் தாளாக விரிப்பார். மடித்துச் சுருட்டித் தட்டிக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடித்து நொறுக்குவார். அந்த அடியில்தான் அடுக்குகள் பிரிகின்றன. உள்ளங்கை அகலத்தில் பூப்போல வரும் அந்தப் புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவைத் தாராளமாக ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுவது தென்காசி வழக்கம். நாட்டுக்கோழிப் பொரிப்பு, மிளகுக்கோழி, காடை என்று தொடுகறிகள் வரிசை கட்டும். குளிர்ந்த உடம்புக்கு மிளகும் சூடும் ஒத்துப்போவதால் கூட்டம் குறைவதே இல்லை.

இந்த மாற்றத்தில் கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. வீட்டுப் பெண்கள் முதன்முறையாகக் கைவீசிக்கொண்டு அருவிக்குப் போக முடிந்தது. இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. அதே சமயம் இலையில் இருந்த காயும் கீரையும் பருப்பும் தட்டைவிட்டுப் போயின. நார்ச்சத்து நீக்கிய மைதாவும் எண்ணெயும் இறைச்சியும் மூன்று வேளையும் நிறைத்தன. குற்றாலம் போய் ஊர் திரும்பியவர்கள் இரண்டு நாளைக்கு ரசஞ்சோறு தேடுவதில் வியப்பில்லை.

சாப்பாட்டை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் மாறியது. கட்டுச்சோற்றில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே புளிச்சோறு. கடையில் ஆளுக்கொன்று: ஒருவருக்குப் புரோட்டா, ஒருவருக்கு நெய்ச்சோறு, பாட்டிக்கு இட்லி, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். உலகமெங்கும் சுற்றுலாச் சாப்பாடு போன திசை இதுதான். பெரிய உல்லாசக் கப்பல்களில் முன்பெல்லாம் குறித்த நேரத்தில், குறித்த மேசையில், அன்றைக்கு எழுதிவைத்த பட்டியலில் உள்ளதைத்தான் சாப்பிட வேண்டும். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்று அந்த முறையைத் தளர்த்தியது. பிறகு மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம் நகர்ந்தன. கப்பல் பயணிக்கு ஒரு வசதி குறைவு: வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏற முடியாது. குற்றாலம் வருகிறவர்களுக்கு அது இன்றும் முடியும். வேனில் கேஸ் அடுப்போடு வந்து, சாலையோர மரத்தடியில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு இடையே கொறிப்பவை பெரிய மாற்றம் காணவில்லை. நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவி விழவிடும் சிப்ஸ் கடைகளும், மிளகாய் பஜ்ஜி வண்டிகளும் அருவிச் சாலை நெடுகிலும் உண்டு. நீர்வரத்து கூடிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால், காத்திருக்கும் கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். பழக்கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா குவிந்திருக்கும். ஈர மலைச்சரிவு இவற்றுக்கு ஏற்ற மண். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைக் கொண்டுவந்து வாசனைத் தோட்டம் போட்டதும் இங்கேதான்.

குற்றாலத்தில் நடந்தது தானாக வந்த மாற்றம். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் காட்டின் பாதுகாப்பு அதைக் கொண்டுவந்தது. ஆடி அமாவாசைக்குச் சில நாள் முன்பே குடும்பம் குடும்பமாக வந்து, ஆற்றோரம் குடில் போட்டுத் தங்கி, பொங்கி, நேர்ந்த கிடாயை வெட்டி, உற்றார் உறவினருக்குக் கறிவிருந்து வைப்பது பரம்பரை வழக்கம். முதலில் விரதச் சாப்பாடு, பிறகு படையல், அதன்பின் கறிச்சோறு என்று நாளுக்கு நாள் மாறும் ஒழுங்கு அதில் இருந்தது. கோயில் இருப்பதோ 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். சில ஆண்டுகளாகத் தங்கும் நாள்கள் குறைக்கப்பட்டு, சொந்த வண்டிகளுக்குப் பதில் பேருந்துகள் விடப்பட்டு, பிளாஸ்டிக் பொருள்கள் சோதனைச் சாவடியிலேயே தடுக்கப்படுகின்றன. நாள் குறையக் குறைய அந்தச் சாப்பாட்டு வரிசையும் நெருக்கப்படுகிறது. பக்தர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் தாமிரபரணிக்கு நீர் தரும் காட்டில் எஞ்சிய எச்சிலும் பிளாஸ்டிக்கும் காட்டு விலங்குகளுக்குச் செய்யும் கேட்டை நினைத்தால் கட்டுப்பாடு தேவையானதே.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தபின், வாழையிலைப் பொட்டலம் வசதிக்காக மட்டுமின்றிச் சட்டத்துக்காகவும் வேண்டியதாயிற்று. சால்னாவை இலையில் கட்ட முடியாது. புளிச்சோற்றுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஊர் திரும்பும் வழியில் வாங்கும் பண்டம் மட்டும் இத்தனை மாற்றத்துக்கும் அசையாமல் நிற்கிறது. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊற்றி நெய் விட்டு மணிக்கணக்கில் கிண்டும் திருநெல்வேலி அல்வாவில், நீர் பெரும்பாலும் வற்றிச் சர்க்கரையும் நெய்யுமே நிற்கும். அதனால் குளிர்பெட்டி இல்லாமலே பல நாள் தாங்கும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக் கடையில் மாலையில் வியாபாரம் தொடங்கும்போது வரிசை நீண்டிருக்கும். அங்கேயே தின்பவர்களுக்குச் சூடாக இலையில், ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்குக் கிலோக் கணக்கில் பொட்டலமாக.