மூன்று சதவீதப் பீதி

2025 பிப்ரவரியில் ஒரு கல் உலகச் செய்தித் தளங்களையெல்லாம் ஆட்டிப் படைத்தது. பெயர் 2024 ஒய்ஆர்4. 2032 டிசம்பர் 22 அன்று இந்தச் சிறுகோள் பூமியில் மோதலாம் என்றார்கள். ஜனவரிக் கடைசியில் மோதும் வாய்ப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18-ல் நாசாவின் கணக்கு 3.1 சதவீதம். விழக்கூடிய பாதையில் இந்தியாவும் இருந்ததால் நம்மூர் யூடியூப் சேனல்களுக்குக் கேட்கவா வேண்டும்! ஆறே நாளில் அந்த எண் 0.004 சதவீதமாகச் சரிந்தது. "முதலில் கிளப்பிவிட்டார்கள், அப்புறம் மழுப்பிவிட்டார்கள்" என்று டீக்கடையில் தீர்ப்பும் சொல்லியாயிற்று.

அந்தத் தீர்ப்பு தவறு. எண் ஏறியதும் சரிதான், விழுந்ததும் சரிதான். மோதாமல் போகிற கல்லுக்கும் எண் இப்படி ஏறிவிட்டு விழலாம் என்பதுதான் இதில் உள்ள விந்தை.

கல்லைக் கண்டது சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி. அதன் கண்ணாடி அரை மீட்டர் அகலம்தான். வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் நான்கு முறை படம் பிடிக்கும். நான்கு படத்திலும் விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அதுதான் ஆள். 2024 டிசம்பர் 27-ல் அப்படித்தான் இது சிக்கியது. வேடிக்கை என்னவென்றால், கல் அதற்கு இரண்டு நாள் முன்பே நம்மை நெருங்கி வந்து, தாண்டியும் போயிருந்தது.

சூரியனை ஒருமுறை சுற்ற அதற்குச் சுமார் நான்கு ஆண்டு ஆகும். சில வாரம் பார்த்த தடத்தை வைத்து, இன்னும் இரண்டு சுற்று கழித்து எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டும். புள்ளியின் இடத்தை அளப்பதில் இம்மி பிசகினாலும் 2032-ல் அது லட்சக்கணக்கான கிலோமீட்டர் வித்தியாசமாகிவிடும். பூமியோ நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தன் அகலத்தை ஏழு நிமிடத்தில் கடந்துவிடும். இரண்டும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வர வேண்டுமே!

ஆகவே கணக்குப் போடுகிறவர்களிடம் இருப்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு நீளமான கோடு. கல் அதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கணக்குக்காகக் கோட்டின் நீளம் 12 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர். கோட்டில் பூமியின் பங்கு சுமார் ஒரு சதவீதம். புதிய அளவீடுகள் வர வர, கோடு நான்கு லட்சமாகக் குறுகுகிறது. பூமி இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது என்றால் அதன் பங்கு மூன்று சதவீதம் ஆகிவிடும். கல் ஓர் அங்குலம்கூடப் பாதை மாறவில்லை. குறைந்தது நம் அறியாமை மட்டும்தான். கோடு இன்னும் சுருங்கி, பூமி அதன் நுனிக்கு வெளியே விழுந்த கணத்தில் எண் சட்டென்று பூஜ்யத்தை நோக்கிப் பாய்கிறது.

2004 டிசம்பரில் அபோபிஸ் என்ற சிறுகோளுக்கும் இதே கதைதான். 2.7 சதவீதம்வரை ஏறி, பின்பு ஒன்றுமில்லாமல் போயிற்று. 2029 ஏப்ரல் 13-ல் அது தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்துக்கும் கீழே, பத்திரமாகக் கடக்கப்போகிறது.

விஞ்ஞானிகள் அன்றாட எண்ணை மூடி மறைக்காமல் வெளியிட்டதை நான் குறை சொல்லமாட்டேன். மறைத்திருந்தால் வதந்தி இதைவிட மோசமாகப் பரவியிருக்கும். கோளாறு தலைப்பில்தான். "ஆபத்து அதிகரிப்பு" என்று போட்டவர்கள், எண் ஏன் ஏறுகிறது என்று நாலு வரி சேர்த்திருக்கலாம். அதற்கு ஒரு பத்தி போதும், படம்கூட வேண்டாம். அப்படி எழுதிய தளங்களும் இருந்தன. ஆனால் பகிரப்பட்டது என்னவோ தீப்பிழம்புப் படம்தான்.

2028 டிசம்பரில் 2024 ஒய்ஆர்4 மறுபடி நம் பக்கம் வருகிறது. புதிய அளவீடுகளும் வரும், புதிய தலைப்புகளும் வரும். பகிர்வதற்கு முன், கல்லை எத்தனை நாள் பார்த்து அந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று செய்திக்குள் தேடிப் பாருங்கள்.