பொய் சொல்லிப் புத்தகம் வாங்கும் பிரவுசர்

கிண்டிலுக்காக வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, யூஎஸ்பி கம்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. காசு கொடுத்தும் புத்தகம் நம் கையில் இல்லையா என்று பலர் முணுமுணுத்தார்கள். இப்படி ஒரு புலம்பல் எழுந்தால் போதும், 'உங்களுக்கே உங்களுக்கான கிளவுட்' என்று பெட்டி விற்க ஆள் வந்துவிடுவார்கள். பெட்டியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். பழைய லேப்டாப், வைஃபை, காலிபர் என்ற இலவச மென்பொருள், மின்நூல் கருவியின் மெனுவில் ஒளிந்திருக்கும் பிரவுசர் இவ்வளவும் இருந்தால் வேலை நடக்கும். பூட்டுப் போட்டு விற்ற புத்தகங்களை இது திறந்து தராது. பூட்டில்லாதவற்றுக்குத்தான் இந்த வழி.

காலிபரின் பூர்வீகத்தையும் சொல்லிவிடலாம். 2006-இல் வந்த சோனி பிஆர்எஸ்-500 கருவிக்கு லினக்ஸில் மென்பொருள் இல்லாததால், கோவித் கோயல் என்ற இந்தியர் தானே ஒன்றை எழுதிக்கொண்டார். 2008-இல் அதற்குக் காலிபர் என்று பெயர் வந்தது. இது போதும்.

காலிபருக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கிறது. அதை ஓடவிட்டால் 192.168.1.5:8080 என்பதுபோல ஒரு முகவரி தரும். அடுக்ககத்துக் கணக்கில் பார்த்தால், ரூட்டர்தான் வாசல் செக்யூரிட்டி. வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் கதவிலக்கம் கொடுப்பவர் அவர். 5-ஆம் எண் வீடு எல்லா அடுக்ககத்திலும் உண்டு என்பதால் வெளியூர்த் தபாலுக்கு அந்த எண் உதவாது. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் சாம்பார் கொடுத்தனுப்ப அதுவே போதும். 8080 என்பது அந்த வீட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்ற குறிப்பு. ஒரே தொல்லை, கரண்ட் போய் வந்தால் இந்தச் செக்யூரிட்டி 5-ஆம் வீட்டுக்காரரை 9-க்குக் குடிமாற்றிவிடக்கூடும். சாம்பார் தெரியாத வீட்டு வாசலில் ஆறிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் லேப்டாப்புக்கு நிலையான எண் ஒதுக்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

மின்நூல் கருவியின் மின்மைத் (இ-இங்க்) திரையில் இந்த முகவரியைத் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் யோசித்து யோசித்துத்தான் விழும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'மொபைல்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத எளிய பக்கம் வரும். அட்டைப்படம், தலைப்பு, கோப்பு வகைக்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான். அழகில்லை, ஆனால் திணறாது.

சுவாரஸ்யம் அந்தப் பொத்தானை அழுத்தும்போதுதான். பிரவுசர் எதைக் கேட்டாலும் 'நான் இன்னார்' என்று ஒரு வரியைச் சேர்த்தே அனுப்பும். கிண்டில் போல இன்னொரு மின்நூல் கருவியான கோபோவின் வரியைப் பாருங்கள்: மொஸில்லா என்று தொடங்கும், நடுவில் ஆண்ட்ராய்டு 2.0 என்று சொல்லும், சஃபாரி என்றும் சொல்லும். மூன்றும் பொய். உள்ளே ஓடுவது லினக்ஸ்தான், ஆண்ட்ராய்டு அல்ல. ஒரு காலத்தில் பெயர் தெரியாத பிரவுசர்களுக்கு இணையதளங்கள் சரியான பக்கத்தைக் கொடுத்ததில்லை; அதனால் ஒவ்வொரு பிரவுசரும் முந்தியவற்றின் பெயரைப் போட்டுக்கொண்டது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வரியின் கடைசியில் மட்டும் 'கோபோ டச்' என்று பாதி உண்மை வரும். பாதி என்பதற்குக் காரணம், கோபோ டச் 2011-இல் வந்த மாடல். பிறகு வந்த கருவிகளும் அதே பெயரைத்தான் சொல்கின்றன.

காலிபர் தேடுவது 'கோபோ டச்' என்ற அந்த இரண்டு சொற்களைத்தான். கோபோவுக்கென்று 'கெபப்' என்ற தனி வடிவம் உண்டு. கோப்பின் பெயர் 'கெபப்' என்று மட்டும் முடிந்தால் கருவிக்குப் பிடிபடாது. பின்னால் வழக்கமான மின்நூல் வடிவத்தின் பெயரான 'இபப்' என்றும் இருக்க வேண்டும். வரியில் 'கோபோ டச்' கண்ணில் பட்டதும், சர்வர் அந்த இரண்டாவது வாலை ஒட்டி அனுப்பும். வேறு பிரவுசர் கேட்டால் ஒட்டாது. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை, மாறுவது பெயர் மட்டும்.

கிண்டில் இன்னும் கறார். பல மாடல்களில் அதன் பிரவுசர் இபப்பை இறக்க மறுத்துவிடும். மோபி போன்ற வடிவம் கேட்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் தமிழ் நூல்களை இபப், மோபி இரண்டிலும் தருவதால் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவற்றைக் காலிபரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பக்கம் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது லேப்டாப் தூங்கிவிட்டதா என்பதை, அடுத்தது ஃபயர்வால். வெளியூரிலிருந்தும் படிக்கலாமே என்று ஆசைப்பட்டு ரூட்டரில் 8080-ஐ இணையத்துக்குத் திறந்து வைப்பவர்கள், காலிபர் சர்வர் தானாகக் கடவுச்சொல் கேட்காது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.