பெருங்காயத்தின் பிறப்பும் மணமும்

வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் ‘பெருங்காயம் இருந்த பாண்டம்’ என்று நம் ஊர்ப் பெரியோர் கூறுவர். பொருள் போய்விட்டது, மணம் மட்டும் நிற்கிறது என்பது கருத்து. தில்லியில் குடியேறிய நம் இல்லங்களிலோ அந்தப் பாண்டம் வெறுமையாவதே இல்லை. இரசம் கொதிக்கும் வேளையில் மாடிப்படி வரையில் வந்து, ‘இது தமிழர் வீடு’ என்று அறிவிப்பது பெருங்காயமே. ஆயினும் அம்மணம் தமிழ் மண்ணில் பிறந்ததன்று.

இரயில்வே எழுத்தராகிய நாம் நாள்தோறும் காணும் சரக்குச் சீட்டுகளில் புறப்பட்ட இடம், சேரும் இடம் என இரண்டு கட்டங்கள் உண்டு. பெருங்காயத்திற்கு முதற் கட்டத்தில் ஆப்கானிஸ்தானம், ஈரான், உஸ்பெகிஸ்தானம் என்றே எழுத வேண்டும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 டன் கச்சாப் பெருங்காயம், சுமார் 600 கோடி ரூபாய் விலையில், அந்நாடுகளிலிருந்து நம் நாட்டிற்கு வருவதாக 2020ஆம் ஆண்டில் அரசு தெரிவித்தது.

இந்த மணம் எங்ஙனம் உண்டாகிறது? கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெருலா என்னும் செடியே பெருங்காயத்தின் தாய். மழை குறைந்த குளிர்ந்த மலைச்சரிவுகளில் அது வளர்கிறது. நாலைந்து ஆண்டுகள் உணவையெல்லாம் தன் பருத்த வேரில் சேமித்து, ஒரே ஒரு முறை பூத்து மடிகிறது. பூப்பதற்கு முன்பே மண்ணை விலக்கி வேரின் தலையைச் சீவிவிடுவர். அவ்வெட்டில் கசியும் பால் இறுகியதும் சுரண்டி எடுத்து, மீண்டும் சீவுவர். பால் வற்றும் வரையில் இப்பணி நடக்கும். அத்துடன் செடியின் வாழ்வும் முடியும்.

அப்பிசினில் நூற்றுக்குப் பத்து முதல் பதினேழு பங்கு வரை ஆவியாகும் எண்ணெய் உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களே மணத்திற்குக் காரணம். பூண்டிலும் வெங்காயத்திலும் மணப்பவை இவற்றின் உறவினமே. ஆதலால்தான் பச்சையாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் பெருங்காயம், காய்ந்த நெய்யில் பொரிந்ததும் பூண்டு வெங்காயத்தின் சுவையை நினைவூட்டுகிறது. அவ்விரண்டையும் விலக்கும் விரத நாட்களில் கைகொடுக்கிறது. செடி வளரும் இடமும் பால் எடுக்கும் காலமும் மாறினால், எண்ணெயின் கூறுகளும் மாறுகின்றன.

மேனாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. இத்தாலியில் ஆல்பா என்னும் ஊரைச் சுற்றி, மரவேர்களைப் பற்றி மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்னும் வெண்ணிறக் காளானைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அதன் மணத்திற்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். அக்காளானுள் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அம்மணத்தில் பங்குண்டு என அறிஞர் கண்டுள்ளனர். மணம் என்பது உயிரும் மண்ணும் சேர்ந்து செய்யும் தொழில்.

நம் இமயமலையிலும் ஃபெருலா இனச் செடிகள் உண்டு. சம்பாவில் ஒரு வகையும், காச்மீரத்திலும் லடாக்கிலும் மற்றொரு வகையும் வளர்கின்றன. ஆனால் நாம் நாடும் பெருங்காயத்தைத் தரும் இனம் அவையல்ல. குடும்பம் ஒன்றாயினும் குணம் வேறு. எனவே 2018ஆம் ஆண்டில், நம் கரோல்பாகிற்கு அண்மையிலுள்ள பூசாவின் தேசியத் தாவர மரபுவள நிலையத்தின் வழியாக, பாலம்பூர் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் ஈரானிலிருந்து விதைகளைத் தருவித்தனர். நூறு விதைகளில் ஒன்று முளைப்பதே அரிதாயிருந்தது. இருப்பினும் 2020 அக்டோபர் 15 அன்று இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள குவாரிங் கிராமத்தில் முதல் நாற்று ஊன்றப்பெற்றது.

நாற்று பிழைத்தால் மட்டும் போதாது. அதன் வேர்ப்பாலில் பழைய மணமும் நிற்க வேண்டும். வேற்று மண்ணில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இக்கவலை புதிதன்று!

இனி, கடைக்குச் செல்வோம். பழைய தில்லியின் காரி பாவோலியில் மூட்டை மூட்டையாகப் பெருங்காயம் விற்பதை நாம் அறிவோம். தூய பிசினின் காரம் மிகுதியாதலால், கோந்தும் மாவும் கூட்டியே பெரும்பாலும் விற்கின்றனர். கூட்டுப் பெருங்காயம் என்று அதற்குப் பெயர். அது கலப்படம் ஆகாது. ஆயினும் அம்மாவு பல வேளைகளில் கோதுமையாயிருக்கும். கோதுமை ஒவ்வாதோர் வீட்டில் இருந்தால், டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பின்னரே வாங்குதல் வேண்டும். வாங்கியதை இறுக மூடி வைத்தலும் இன்றியமையாதது. அயல்நாட்டு மலையில் ஐந்தாண்டு வளர்ந்த செடி தன் உயிரைக் கொடுத்து ஈந்த மணத்தை, மூடி திறந்த டப்பாவில் நாம் காற்றுக்குக் கொடுத்துவிடலாகாது.