தேநீரில் போகும் சீனி

இனிப்பைக் குறைக்கச் சொன்னால் பெருநாள் அல்வாவும் தம்ரூட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை எப்போதாவது வருபவை. தேநீரோ தினமும் ஐந்து முறை! ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 5 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 50 கிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், ஆசைதான் கூடும். வாரம் கால் கரண்டி குறைப்போம், நாக்கு பழகிவிடும். வெல்லம், தேன் என மாறுவதில் பயனில்லை, அவையும் சர்க்கரையே. மாலையில் ஆசை வந்தால் வறுத்த கடலையோ கொய்யாவோ போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டே உணவை மாற்ற வேண்டும். மருந்தின் அளவும் மாறலாம்.

விருந்தாளிக்குச் சீனி குறைத்துக் கொடுப்பதா என்ற தயக்கம் நமக்கு உண்டு. சீனிக் கிண்ணத்தைத் தனியே வைத்துவிடலாம்.