காற்றுப்போக்கி விசிறியின் சுவிட்சு

தமிழ் பயில்வார்க்கு மின்கம்பியோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். சென்ற விடுமுறைக்கு முன்னர் யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எம் இல்லத்துக் குளியலறையில் ஈரக்காற்றை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் பேன் என்று யாவரும் வழங்குவது அதுவே. மழைநாள் ஒன்றில் அதன் சுவிட்சு சுரசுரவென்று ஒலித்தது. மறுநாள் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு இருந்தது. மூன்றாம் நாள் நீராடி வந்த எம் அத்தையார் ஈரக்கையோடு அதனைத் தொட, விரல்நுனியிற் சுருக்கென்றது. நல்வினைப்பயனாக அவர் காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது. அன்றே அதன்மேற் காகிதம் ஒட்டி எவரும் தொடாவண்ணம் செய்தோம். மின்பணியாளர் நாளை வருவதாகச் சொன்னார். அவருடைய நாளையோ நான்கு நாள்களாகியும் வந்திலது. ஆகவே அத்தொழிலிற் பழகிய எம் தாய்மாமன் அருகில் நிற்க, யாமே அதனை மாற்றினோம். அன்று கற்றவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

வீட்டார் இதனைச் செய்தல் சட்டத்திற்கு ஒக்குமோ என்பதே எமக்கு முதலில் எழுந்த ஐயம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45ஆம் விதி, மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்தல் வேண்டும் என்று கூறி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்தது. பின்வந்த விதிமுறைகளும் அவ்விலக்கைத் தொடர்ந்தன. பழைய இடத்தில் அதே வகைச் சுவிட்சை வைத்தல் இதனுள் அடங்கும். புதுக்கம்பி இழுத்தல் அடங்காது.

சுவிட்சு கெடுவது ஏன்? அதனை அணைக்குந்தோறும் உள்ளிருக்கும் இரு உலோக முனைகள் பிரிகின்றன. விசிறியின் சுருள் மின்னோட்டம் திடீரென நிற்பதை எதிர்க்குமாதலின், பிரியும் முனைகளுக்கிடையே சிறு பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் சிறிது கரியை விட்டுச் செல்கின்றது. குளியலறை வாயிலின் ஈரமும், தளர்ந்த திருகாணியும் சேர்ந்தால் சூடு மிகும்.

இனி இதன் அபாயத்தைக் கணக்கிட்டுக் காண்போம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அச்சிறு விசிறி 40 வாட் கொள்வதாயின் அதனுள் ஓடுவது ஏறத்தாழ 0.17 ஆம்பியர். நனைந்த உடலின் தடை 1000 ஓம் அளவிற்கு இறங்கினால் உடலினூடே 0.23 ஆம்பியர் பாயும். விசிறியைச் சுழற்றும் அளவினதாகிய மின்னோட்டமே ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானது என்பது எமக்குப் பெருவியப்பாயிற்று. 30 மில்லியாம்பியர்க் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னுங் கருவி வீட்டில் இருத்தல் நன்று. எனினும் ஒரு கை பேஸ் கம்பியையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால் அதுவும் காவாது.

சுவிட்சை அணைத்துவிட்டோமே, பின் என்ன அச்சம் என்பார் உளர். அணைத்தபின்னும் பேஸ் கம்பி சுவிட்சின் ஒரு முனைவரை வந்து காத்துநிற்கின்றது. ஆதலின் மெயின் பெட்டியிலேயே மின்னை நிறுத்துதல் வேண்டும். எம் பெட்டியில் ‘குளியலறை’ என்று எழுதப்பட்ட எம்.சி.பி. ஒன்று இருந்தது. அதனை இறக்கிவிட்டுத் திருப்புளியோடு விரைந்தோம். மாமா எம் கையைப் பற்றி நிறுத்தினார். இயங்கும் பிளக்கு ஒன்றில் டெஸ்டரை வைத்து அது ஒளிர்வதைக் காட்டிய பின்னர்ச் சுவிட்சின் முனையில் வைத்தார். செவ்வொளி தோன்றிற்று! அவ்வெம்.சி.பி. வெந்நீர்க் கருவிக்கு மட்டும் உரியதாம். உடனே மெயினையே இறக்கினோம். இன்வெர்ட்டர் கீச்சென்று ஒலித்துத் தன் பாட்டரியினின்று மின் ஊட்டத் தொடங்கியது. டெஸ்டர் மீண்டும் ஒளிர்ந்தது. விசிறியைப் பண்டு யாரோ இன்வெர்ட்டர் வழியில் இணைத்திருந்தனர். மெயினை மட்டும் நிறுத்தினால் பாட்டரி ஊட்டும். இன்வெர்ட்டரை மட்டும் நிறுத்தினால் மெயின் அதனூடே பாயும். இரண்டையும் நிறுத்திய பின்னரே ஒளி அவிந்தது.

அவ்வளவில் மாமா அமைதியுறவில்லை. டெஸ்டரே கெட்டிருந்தால்? அண்டை வீட்டுப் பிளக்கில் அதனை மீண்டும் சோதித்து வருமாறு எம்மை அனுப்பினார். அவ்வீட்டார் எம்மைப் பார்த்துச் சிரித்தனர். டெஸ்டர் நன்றாகவே ஒளிர்ந்தது. பகலொளியில் அதன் வெளிச்சம் கண்ணுக்குப் புலனாகாதும் போகலாம். மல்டிமீட்டர் உடையார் அதனைக் கொள்க. மின்வெட்டு வேளையே இத்தகைய வேலைக்கு ஏற்றதென்று கருதுவாரும் நம்மிடையே உளர். வெட்டிய மின் எந்நொடியில் திரும்பும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கின்றனர்?

வேலையோ கால்மணிப் பொழுதில் முடிந்தது. மேல்தகட்டை மெல்ல நெம்பி எடுத்து, சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றி முன்னிழுத்தோம். பெட்டியினுள் தெரிந்த கம்பி ஒவ்வொன்றையும் சோதித்தோம். ஒரே பெட்டியில் இருவழி மின்னும் இருத்தல் கூடும் அன்றோ? பின்னர்க் கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டோம். சுவிட்சின் ஒரு முனையில் சிவப்புக் கம்பிகள் இரண்டு இருந்தன: ஒன்று மின்னைக் கொணர்வது, மற்றொன்று அடுத்த சுவிட்சுக்குக் கொண்டுசெல்வது. இவ்விரண்டும் ஒருங்கே திரும்பப் பொருந்தாவிடின் பக்கத்து விளக்கு எரியாது. மறுமுனையில் விசிறிக்குச் செல்லும் கம்பி. பச்சை நிற நிலக்கம்பியை யாம் தொடவில்லை. கரிந்திருந்த செம்புநுனியை வெட்டிப் புதுநுனி சீவி, உறையற்ற செம்பு வெளியே தோன்றாதபடி செருகி, திருகாணியை இறுக்கி, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தோம். புதுச் சுவிட்சு 6 ஆம்பியர் அளவினது, ஐ.எஸ். 3854 என்னும் தரநிலைக்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை அதில் உண்டா என்று பார்த்தே வாங்கினோம்.

தகட்டை மூடிய பின்னரே மெயினை ஏற்றினோம். உலர்ந்த கையால் அத்தையார் சுவிட்சைத் தட்ட, விசிறி ஓசையின்றிச் சுழன்றது. அரைமணி கழித்துத் தகட்டைத் தொட்டுப் பார்த்தோம், சூடு இல்லை. பழைய சுவிட்சை உடைத்து நோக்கியபோது முனை ஒன்று மிளகுபோற் கருகியிருந்தது. ‘குளியலறை’ என்னும் அப்பழைய எழுத்தை அழித்து ‘வெந்நீர்க் கருவி’ என்று எழுதினோம். பெட்டியின் கதவில், ‘விசிறிக்கு மெயினும் இன்வெர்ட்டரும் ஆகிய இரண்டையும் நிறுத்துக’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்.