மண் சுவருக்குள் ஒரு மரக்கூடு

இலங்கையின் கிழக்குக் கரையில், நெசவுத் தறிகளுக்குப் பெயர் பெற்ற மருதமுனையில் இன்று எங்கும் கல்வீடுகள். ஒரு காலத்தில் இந்தக் கரையோரத்தில் மரமும் மண்ணும் கிடுகும் சேர்ந்ததே வீடு.

அதன் உயிர் மரச்சட்டகம். மூலைகளில் கம்பு நட்டு, மேலே வளை வைத்து, முகட்டுமரம் ஏற்றுவார்கள். இடையில் வரிச்சுத் தடிகளைக் குறுக்கே கட்டி, மிதித்துப் பதமாக்கிய களிமண்ணை இருபுறமும் அப்புவார்கள். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும், தும்புக்கயிறு தாக்குப்பிடிக்கும். கூரைக்குத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னிய தென்னோலைக் கிடுகு. சுவர் வெடித்தால் மண் பூசலாம், கிடுகு உக்கினால் மாற்றலாம்.

இதே நுட்பம் இங்கிலாந்திலும் உண்டு. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த வீடும் மரச்சட்டகமும் ஓலைபோன்ற புற்கூரையும் கொண்டதுதான். 500 ஆண்டுகளைக் கடந்த அந்த வீட்டை 1892இல் ஓர் அறக்கட்டளை வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம்.

நமது கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மகளுக்காகக் கல்வீடு எழும்பும்போது பழைய மண்வீடு கலைக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி, கடலோரத்துப் பழைய அடையாளங்கள் பலவற்றையும் கொண்டுபோனது.

எஞ்சியிருப்பது முதியவர்களின் ஞாபகம். நேயர்களே, உங்கள் உம்மம்மா வாழ்ந்த மண்வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று இன்றே கேளுங்கள்; அதை எழுதி வையுங்கள்.