பள்ளிக்கூடமா, புகலிடமா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியது. உயிர் தப்பியோர்க்கு அயற் பாடசாலைகளே அடைக்கலமாயின. வகுப்பறையில் பாய் விரிந்தது, பாடம் நின்றது. பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்பது ஒரு சாராரின் கவலை. வீடிழந்தோர் எங்கே போவது என்பது மறு சாராரின் கேள்வி. இரண்டும் நியாயமே. பின்னர் அம்மக்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் குடியேற்றப்பட்டனர். 75 புதுவீடுகள் கிடைத்தனவோ 2016இல்தான்!

2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோதும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிற் பாடசாலைகளே முகாம்களாயின. ஆபத்துமிக்க மலைச்சரிவுகளில் வாழும் தோட்ட மக்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் முன்கூட்டியே கிடைத்திருப்பின், இவ்வழக்கே எழுந்திராது. அடுத்த மழைக்கு முன்பாவது அதனைச் செய்வோமா என்பதே நம் கேள்வி.